படிப்படியாக ஏறும் கெப்பாசிட்டர்கள்: மாறுதிசை மின்சுற்றில் சீரிசையும் ஒத்ததிர்வும் சந்திக்கும் இடம்

கோவை, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளின் மின் அறைக்குள் போய் பவர் ஃபேக்டர் பேனலின், அதாவது ஆலையின் திறன் காரணியைச் சரியாக வைத்திருக்கக் கெப்பாசிட்டர்களை மாட்டிய பெட்டியின், கதவைத் திறந்து பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். வரிசையாக நிற்கும் உருளை வடிவக் கெப்பாசிட்டர்களில் இரண்டு மூன்றின் தலை மட்டும் குவிந்து மேலெழும்பியிருக்கும். உள்ளே அழுத்தம் ஏறியதும் தகர மூடி உப்பி, இணைப்புக் கம்பியை அறுத்துக்கொண்டு, வெடிக்காமல் செத்துப்போகும்படி அவற்றைச் செய்திருக்கிறார்கள். அருகில் ஒரு ஃபியூஸ் கருகிக் கிடக்கும். மட்டமான சரக்கு என்பார் ஒருவர். மின்வாரியத்தின் வோல்டேஜ் சரியில்லை என்பார் இன்னொருவர். வேறு கம்பெனியின் கெப்பாசிட்டரை வாங்கி மாட்டுவார்கள், ஆறு மாதத்தில் அதே வரிசையில் அதே இடத்தில் அதுவும் உப்பும்.

சரக்கும் வோல்டேஜும் காரணமாக இருக்கலாம்தான். ஆனால் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர் டிரைவ்கள் நிறைந்த ஆலையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது வேறொன்று. மின்னோட்டத்தில் கலந்திருக்கும் சீரிசைகள், அதாவது ஆலைப் பேச்சில் ‘ஹார்மோனிக்ஸ்’, பெரும்பாலும் தாங்கக்கூடிய அளவில்தான் இருக்கும். சுற்றில் ஒத்ததிர்வு என்ற குணம், அதாவது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மட்டும் துள்ளும் குணம், இருப்பதும் குறையல்ல. சுருளும் கெப்பாசிட்டரும் உள்ள எந்தச் சுற்றிலும் அது உண்டு. இலங்கைப் பாடநூல்கள் ‘பரிவு’ என்று அழைக்கும் அந்த ஒத்ததிர்வின் அதிர்வெண், ஆலையில் ஓடும் ஏதேனும் ஒரு சீரிசையின் அதிர்வெண்ணோடு போய்ப் பொருந்தும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. அந்தப் பொருத்தத்தைத் தேடிப்பிடிக்கும் வேலையை, யாரும் சொல்லாமலே, நாள் முழுதும் செய்துகொண்டிருப்பது அந்த பவர் ஃபேக்டர் பேனல்தான்.

சீரிசையிலிருந்து தொடங்கலாம். நம் வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்னழுத்தம் நொடிக்கு 50 முறை ஏறி இறங்கும் சைன் அலை என்று பள்ளியில் படிக்கிறோம். ஆனால் கருவிகள் இழுக்கும் மின்னோட்டம் எப்போதும் அந்த வடிவத்தில் இருப்பதில்லை. திரும்பத் திரும்ப ஒரே வடிவில் வரும் எந்த அலையையும், அது எவ்வளவு கோணலாக இருந்தாலும், தூய சைன் அலைகளின் கூட்டுத்தொகையாக எழுதிவிடலாம் என்பதை ஜோசப் ஃபூரியே 1807ல் பாரிஸில் அளித்த ஆய்வுரையில் முன்வைத்தார். வெப்பம் பரவுவதைப் பற்றிய ஆய்வு அது. மின்சாரத்துக்கும் அதற்கும் அன்று தொடர்பே இல்லை. லக்ராஞ்சு போன்ற கணித மேதையே அதை ஏற்க மறுத்தார், அது நூலாக வெளிவர 1822 ஆயிற்று. இன்று மின்பொறியாளர் கையிலிருக்கும் எந்த ஹார்மோனிக் பகுப்பாய்வுக் கருவியும் அடிப்படையில் அந்தக் கணக்கைத்தான் போடுகிறது. 50 ஹெர்ட்ஸ் அடிப்படை அலை. 150 மூன்றாம் சீரிசை. 250 ஐந்தாம் சீரிசை. 350 ஏழாம் சீரிசை. அலையின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே வடிவில் இருக்கும்வரை இரட்டை எண் சீரிசைகள் எழுவதில்லை. ஆகவே ஆலைகளில் ஒற்றைப்படை எண்களைப் பற்றியே பேச்சு.

சீரிசை என்ற சொல் இசையிலிருந்து வந்தது, அங்கேயே அதற்கு ஒரு நல்ல பாடமும் இருக்கிறது. கம்பியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ அந்த இடத்தை அசையாப் புள்ளியாகக் கொண்ட சீரிசை அந்த ஒலியில் இருக்கக் கூடாது என்பது பழைய விதி. வீணையிலும் தம்பூராவிலும் அந்த விதி பொய்த்துப்போவதை சி. வி. ராமன் 1921ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார். அவற்றின் குதிரை கூர்முனையாக இல்லாமல் வளைந்த பரப்பாக இருக்கிறது. கம்பி அதிரும்போது அந்தப் பரப்பைத் தொட்டும் விட்டும் போகிறது. கொடுத்த விசைக்கு நேர்விகிதத்தில் பதில் தராத அந்தத் தொடுகைதான், மீட்டலில் இல்லாத சீரிசைகளைக் கம்பிக்குள் கொண்டுவருகிறது. மின்சுற்றிலும் நடப்பது அதுவே.

இஸ்திரிப் பெட்டிக்கும் தண்ணீர் சூடாக்கும் கம்பிச்சுருளுக்கும் மின்னழுத்தம் இரட்டித்தால் மின்னோட்டமும் இரட்டிக்கும். அவற்றுக்கு சைன் அலை கொடுத்தால் சைன் அலைதான் ஓடும். டயோடு அப்படி இல்லை. அது ஒரு கதவு. மின்னழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் திறக்கும், இல்லையென்றால் மூடிக்கொள்ளும். கணினியின் பவர் சப்ளை, எல்இடி விளக்கு, யு.பி.எஸ்., மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் எல்லாவற்றின் வாசலிலும் இந்தக் கதவுகள் நிற்கின்றன. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரை நிரப்ப அலையின் உச்சியில் மட்டும் கதவு திறந்து, ஒரு குத்தாக மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு மூடிவிடுகிறது. நூல் நூற்கும் ரிங் ஃபிரேம், காற்றாடி, பம்ப் என்று ஒவ்வொன்றுக்கும் டிரைவ் மாட்டி மின்சாரத்தை மிச்சப்படுத்திய ஆலை, அந்த மிச்சத்தோடு கூடவே சீரிசைகளையும் வாங்கிக்கொண்டது.

மூன்று ஃபேஸில் இயங்கும் சாதாரண டிரைவில் ஆறு டயோடுகள் இருக்கும். அது உண்டாக்கும் சீரிசைகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஆறின் மடங்குக்கு ஒன்று கீழும் ஒன்று மேலுமாக 5, 7, 11, 13 என்று அவை வரும். பாடநூல் சொல்லும் கச்சிதமான நிலையில் ஒவ்வொன்றின் அளவும் அதன் எண்ணுக்குத் தலைகீழாக அமையும், அதாவது ஐந்தாவது 20 சதவீதம், ஏழாவது சுமார் 14, பதினொன்றாவது 9. நடைமுறையில், முன்னால் சோக் என்னும் கம்பிச்சுருள் போடாத டிரைவாக இருந்தால் ஐந்தாவது இதைவிடப் பல மடங்கு பெரிதாகவே இருக்கும். மூன்றும் அதன் மடங்குகளும் ஒற்றை ஃபேஸ் கருவிகளின் சொத்து. மூன்று ஃபேஸிலிருந்தும் வரும் மூன்றாம் சீரிசைகள் நியூட்ரலில் ஒன்றையொன்று அழிக்காமல் கூடிக்கொள்வதால், கணினிகள் நிறைந்த கட்டடத்தில் நியூட்ரல் கம்பியின் மின்னோட்டம் ஃபேஸ் மின்னோட்டத்தைவிடக் கூடுதலாக, கோட்பாட்டளவில் 1.73 மடங்கு வரை போகலாம். பழைய கட்டடங்களில் நியூட்ரலுக்கு அரை அளவுக் கம்பி போட்டவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அது தனிக் கதை. நம் ஆலையில் பெரும்பாலும் 5ம் 7ம்தான்.

இனி ஒத்ததிர்வு. சுருளுக்கும் கெப்பாசிட்டருக்கும் குணம் நேர் எதிர். அதிர்வெண் ஏற ஏறச் சுருளின் மின்மறுப்பு, அதாவது மாறுதிசை மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, ஏறும். கெப்பாசிட்டரின் மின்மறுப்பு இறங்கும். 50 ஹெர்ட்ஸில் கெப்பாசிட்டர் காட்டும் மறுப்பு 250 ஹெர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். ஆகவே மின்னழுத்தத்தில் வெறும் 5 சதவீதம் ஐந்தாம் சீரிசை கலந்திருந்தாலே, கெப்பாசிட்டருக்குள் அதன் வழக்கமான மின்னோட்டத்தில் 25 சதவீதம் ஐந்தாம் சீரிசையாக ஓடும். ஒத்ததிர்வு எதுவும் இல்லாமலே இவ்வளவு. மேல் அதிர்வெண்கள் எல்லாவற்றுக்கும் கெப்பாசிட்டர் ஒரு வடிகால்.

ஒன்று ஏறி மற்றொன்று இறங்கும்போது, ஏதோ ஓர் அதிர்வெண்ணில் இரண்டும் சமமாகத்தான் வேண்டும். இதைக் கல்லூரி ஆய்வகத்திலேயே பார்க்கலாம். 100 மில்லிஹென்றி சுருளையும் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரையும் தொடராக இணைத்தால் அந்த அதிர்வெண் 50.3 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட நம் மின்வழங்கலின் அதிர்வெண்ணே. இரண்டின் மறுப்பும் தனித்தனியே 31 ஓமுக்கு மேல். ஆனால் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, சுருளின் கம்பித் தடை மட்டுமே மிஞ்சும். அது 3 ஓம் என்று கொள்வோம். பத்து வோல்ட் கொடுத்தால் 3.3 ஆம்பியர் ஓடும். அந்த மின்னோட்டம் 31 ஓமைக் கடக்கும்போது கெப்பாசிட்டரின் இரு முனைகளுக்கிடையே நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பத்து கொடுத்து நூறு வாங்குவது மாயமல்ல. சுருளின் காந்தப் புலத்துக்கும் கெப்பாசிட்டரின் மின்புலத்துக்கும் இடையே ஒரே ஆற்றல் ஊஞ்சலாடிக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து வரும் பத்து வோல்ட், ஊஞ்சல் திரும்பும் சரியான நேரத்தில் ஒரு தட்டு தட்டுகிறது, அவ்வளவே. இந்தப் பத்து மடங்குப் பெருக்கத்தைத் தரக்காரணி என்கிறோம். தடை குறையக் குறைய அது ஏறும்.

இதே இரண்டையும் பக்க இணைப்பில் வைத்தால் கதை தலைகீழாகும். தொடர் இணைப்பில் ஒத்ததிர்வின்போது மின்னெதிர்ப்பு அடிமட்டத்துக்கு இறங்கும். பக்க இணைப்பில் உச்சிக்கு ஏறும். வெளியிலிருந்து சிறு மின்னோட்டத்தைத் திணித்தாலும் பெரிய மின்னழுத்தம் எழும்பும். சுருளும் கெப்பாசிட்டரும் தமக்குள் பல மடங்கு மின்னோட்டத்தைச் சுற்றவிட்டுக்கொள்ளும். ஆலைக்கு இந்த வகைதான் முக்கியம், ஏனெனில் டிரைவ் என்பது சீரிசை மின்னோட்டத்தை வெளியே திணிக்கும் கருவி. அது பார்க்கும் பக்கம் இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று மின்மாற்றியின் சுருள் வழியே மின்வாரியத்தின் லைனுக்கு. மற்றொன்று பேனலில் உள்ள கெப்பாசிட்டர்களின் தொகுதியான பேங்குக்குள். மின்மாற்றி ஒரு சுருள். பேங்க் ஒரு கெப்பாசிட்டர். யாரும் திட்டமிடாமலேயே ஒரு பக்க ஒத்ததிர்வுச் சுற்று அங்கே உருவாகிவிட்டது.

சீரிசை, ஒத்ததிர்வு என்ற இந்த இரண்டு கருத்தும் சேர்ந்து மின்பொறியியலுக்குள் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் மோட்டார்கள் சூடான சிக்கலை 1893ல் ஆராய்ந்தவர்கள், அலைவடிவத்தைப் பகுத்துப் பார்த்துத்தான் காரணத்தை நெருங்கினார்கள். அடுத்த ஆண்டு, கொலம்பியாவில் ஆசிரியராக இருந்த மைக்கேல் பூப்பின், மாறுதிசை மின்னோட்டங்களை ஒத்ததிர்வால் பகுக்கும் முறையை அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் முன் வைத்தார். அவர் செய்தது எளிமையும் அழகுமான வேலை. சுருளும் மாற்றக்கூடிய கெப்பாசிட்டரும் கொண்ட ஒரு சுற்றைச் சோதிக்க வேண்டிய மின்னோட்டத்தோடு பிணைத்து, கெப்பாசிட்டரின் அளவைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே போவது. எந்த இடத்தில் சுற்று துள்ளுகிறதோ அந்த அதிர்வெண் மின்னோட்டத்துக்குள் இருக்கிறது என்று குறித்துக்கொள்வது. ஃபூரியேயின் கணக்கைத் தாளில் போடாமல் சுற்றையே போடவைத்த முறை என்று இதைச் சொல்லலாம். வானொலியில் நிலையத்தைத் திருகித் தேடியதும் இதே வித்தைதான்.

இப்போது நூற்பாலைப் பேனலுக்குத் திரும்புவோம். மோட்டார்கள் காந்தப்புலத்துக்காக இழுக்கும் பயனற்ற மின்னோட்டத்தை ஆலைக்குள்ளேயே ஈடுசெய்யத்தான் அங்கே கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் உயரழுத்த நுகர்வோரின் திறன் காரணி, அதாவது இழுக்கும் மின்சாரத்தில் பயனாகும் பங்கு, 0.90க்குக் கீழே போனால் கட்டணத்தோடு ஈட்டுத்தொகையும் சேரும். ஆகவே பேனலில் உள்ள கட்டுப்பாட்டுக் கருவி சுமையைப் பார்த்துப் பார்த்து, காண்டாக்டர் எனும் சுவிட்சுகள் ‘டக், டக்’கென்று ஒலிக்க, ஒவ்வொரு படியாகக் கெப்பாசிட்டரை உள்ளே விடும், வெளியே எடுக்கும். சுருள் மாறாது, கெப்பாசிட்டர் படிப்படியாக மாறும். பூப்பின் 1894ல் சீரிசையைக் கண்டுபிடிக்கச் செய்த சோதனைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றே ஒன்று: இங்கே சுற்று துள்ளும்போது குறித்துக்கொள்ள ஆள் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆலையில் 1000 கே.வி.ஏ. மின்மாற்றி, 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக்குவது. அதன் பெயர்ப்பலகையில் உள்மறுப்பு 5 சதவீதம் என்று இருக்கிறது. வெளியே உள்ள லைனின் மறுப்பைப் புறக்கணித்தால், அதன் குறுக்கிணைப்புத் திறன், அதாவது முனைகளை நேரடியாகச் சேர்த்தால் அது தரக்கூடிய திறன், 1000ஐ 0.05ஆல் வகுக்கக் கிடைக்கும் 20,000 கே.வி.ஏ. இந்த எண்ணைக் கெப்பாசிட்டரின் கே.வி.ஏ.ஆர். அளவால், அதாவது அது ஈடுசெய்யும் பயனற்ற திறனின் அளவால், வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் எத்தனையாவது சீரிசையில் ஒத்ததிர்வு நிற்கிறது என்பது தெரிந்துவிடும். ஐம்பது ஐம்பதாக எட்டுப் படிகள் உள்ள பேனல் என்று வைத்துக்கொள்வோம். முதல் படி உள்ளே வந்ததும் ஒத்ததிர்வு 20ல் நிற்கும். அங்கே ஓடும் சீரிசை எதுவுமில்லை. இரண்டாம் படியில் 14.1. மூன்றாம் படியில் 11.5, பதினொன்றை உரசிக்கொண்டு போகிறது. நான்காம் படியில் சரியாக 10. இரட்டை எண்ணாதலால் அமைதி. ஐந்தில் 8.9, ஆறில் 8.2, ஏழில் 7.6. எட்டாம் படியும் சேர்ந்து 400 கே.வி.ஏ.ஆர். ஆனதும் ஒத்ததிர்வு 7.07ல் வந்து நிற்கிறது. ஏழாம் சீரிசையின் வாசலிலேயே.

அந்த எட்டாம் படியில் என்ன நடக்கும்? டிரைவ்களின் மொத்தச் சுமை 400 கே.வி.ஏ. என்றால் அடிப்படை மின்னோட்டம் 533 ஆம்பியர். மேலே சொன்ன கச்சிதமான விகிதப்படி ஏழாம் சீரிசை 76 ஆம்பியர், ஐந்தாவது 107. கெப்பாசிட்டரே இல்லையென்றால் இந்த 76 ஆம்பியர் மின்மாற்றியின் வழியே வெளியேறும்போது எழுப்பும் ஏழாம் சீரிசை மின்னழுத்தம் ஃபேஸுக்கு 5 வோல்ட், அதாவது 2 சதவீதம். யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஒத்ததிர்வில் பெருக்கம் ஆறு மடங்கு என்று மிதமாகவே கொண்டாலும் அது 30 வோல்ட், 12 சதவீதம். கெப்பாசிட்டருக்குள் சுழலும் ஏழாம் சீரிசை மட்டும் 456 ஆம்பியர். ஐந்தாம் சீரிசையும் சும்மா இருப்பதில்லை. ஒத்ததிர்வுக்கு அருகில் இருப்பதால் அதன் மின்னழுத்தம் இரண்டு மடங்காகி, தன் பங்குக்கு 107 ஆம்பியரைக் கெப்பாசிட்டருக்குள் அனுப்பும். 400 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டரின் அடிப்படை மின்னோட்டமும் அதே 533 ஆம்பியர்தான். அதோடு இவற்றை வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் மொத்தம் 710 ஆம்பியர், அதாவது கெப்பாசிட்டரின் மதிப்பீட்டு அளவில் 1.33 மடங்கு. இத்தகைய கெப்பாசிட்டர்களுக்கான தர நிர்ணயம் தொடர்ந்து தாங்கச் சொல்லும் எல்லை 1.3 மடங்கு. உப்பிய தலைக்குக் காரணம் கிடைத்துவிட்டது. இதே ஆலை நாளைக்கு விரிவாக்கம் செய்து பேங்கை 800 கே.வி.ஏ.ஆர். ஆக்கினால் ஒத்ததிர்வு சரியாக 5ல் போய் உட்காரும். அது இன்னும் மோசம்.

பெருக்கம் ஆறு மடங்கா பத்து மடங்கா என்பதை முடிவு செய்வது தணிப்பு. ஊஞ்சலுக்குக் காற்றின் உராய்வு எப்படியோ, ஒத்ததிர்வுச் சுற்றுக்கு மின்தடை அப்படி. ஹீட்டர் போன்ற தடைச் சுமைகள் நிறைய ஓடினால் ஒத்ததிர்வின் கூர்மை மழுங்கும். மோட்டார்கள் அந்த அளவுக்கு உதவுவதில்லை. அதனால்தான் மின்மாற்றியோடு நிரந்தரமாக இணைத்துவிட்ட கெப்பாசிட்டர்கள், சுமை முழுதும் இருக்கும் பகலைத் தாங்கிவிட்டு, பாதி இயந்திரங்கள் நின்றுபோன விடுமுறை இரவில் சாவதைக் காண்கிறோம்.

தன்னிடம் ஒரு டிரைவ்கூட இல்லாத ஆலையும் இதில் தப்பிவிட முடியாது என்பதைச் சொல்லியாக வேண்டும். மின்வாரியத்தின் 11,000 வோல்ட் லைனிலிருந்து பார்த்தால், அதே மின்மாற்றியும் அதே கெப்பாசிட்டரும் தொடராக நிற்கின்றன. பக்கத்து ஆலை லைனில் விட்ட ஏழாம் சீரிசைக்கு அந்த வழி எதிர்ப்பே இல்லாத மடை. அண்டை வீட்டுக் குப்பை நம் வாசலில் வந்து சேர்வதைப் போல அது உள்ளே வரும்.

தீர்வு, ஒத்ததிர்வை ஒழிப்பதல்ல, இடம் மாற்றுவது. ஒவ்வொரு கெப்பாசிட்டர் படிக்கும் முன்னால் ஓர் இரும்புக்கருச் சோக், ஆலைகளில் ‘டீட்யூன்டு ரியாக்டர்’ என்று சொல்வது, தொடராகப் போடப்படும். 7 சதவீத ரியாக்டர் என்றால், 50 ஹெர்ட்ஸில் அதன் மறுப்பு கெப்பாசிட்டரின் மறுப்பில் 7 சதவீதம். அந்த இணையின் ஒத்ததிர்வு 50ஐ 0.07ன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும் 189 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே உள்ள எல்லா அதிர்வெண்ணுக்கும் அந்தப் படி கெப்பாசிட்டராக இல்லாமல் சுருளாகவே தோன்றும். மின்மாற்றியும் சுருள், இதுவும் சுருள் என்றானபின் 250, 350 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்வுக்கு வழியில்லை. எத்தனை படி உள்ளே வந்தாலும் இது மாறாது என்பதுதான் இதன் அருமை. மூன்றாம் சீரிசை மிகுந்த இடங்களில் 189 என்பது 150க்கு நெருக்கம். அங்கே 14 சதவீத ரியாக்டரைப் போட்டு 134 ஹெர்ட்ஸுக்கு இறக்குவார்கள்.

ரியாக்டர் போட்டதும் ஒரு விலையும் உண்டு. கெப்பாசிட்டரின் முனைகளில் மின்னழுத்தம் 7.5 சதவீதம் கூடும்; 440 வோல்ட் வரும் இடத்தில் 473 நிற்கும். ஆகவே 480 அல்லது 525 வோல்ட்டுக்கு மதிப்பிட்ட கெப்பாசிட்டர்தான் அங்கே பொருந்தும். இந்த இடத்தில்தான் நல்ல பேனலும் பாழாகிறது. 525 வோல்ட், 25 கே.வி.ஏ.ஆர். என்று எழுதிய ஒன்று செத்துப்போகிறது. கடையில் 440 வோல்ட், 25 கே.வி.ஏ.ஆர். கைக்குக் கிடைக்கிறது; எண் ஒன்றுதானே என்று மாட்டிவிடுகிறார்கள். கே.வி.ஏ.ஆர். ஒன்றே என்றாலும் ஃபாரட் ஒன்றல்ல. குறைந்த மின்னழுத்தத்தில் அதே கே.வி.ஏ.ஆரைத் தர வேண்டுமென்றால் மின்தேக்குத்திறன் 1.42 மடங்கு இருக்க வேண்டும். அதைப் பழைய ரியாக்டரோடு சேர்த்ததும் 189 ஹெர்ட்ஸ் என்பது 158ஆக இறங்கி, மூன்றாம் சீரிசையின் பக்கத்தில் போய் நிற்கும். ஏற்கெனவே தாங்காத மின்னழுத்தம், அதோடு இதுவும். இரண்டு வாரத்தில் அந்தப் படியின் ரியாக்டரும் சூடாகி மணக்கும்போது, ரியாக்டரே வேண்டாத செலவு என்று தீர்ப்பு எழுதப்பட்டுவிடும்.

சீரிசையை உருவாகும் இடத்திலேயே குறைக்கும் வழிகளும் உண்டு. டிரைவுக்கு முன்னால் சோக் போடுவது மலிவானதும் பலன் மிகுந்ததுமான வழி. பெரிய சுமைகளுக்கு, ஒரு பாதியை மின்மாற்றியின் ஸ்டார் சுற்றிலிருந்தும் மறுபாதியை டெல்டா சுற்றிலிருந்தும் கொடுத்தால், 30 பாகை நகர்வினால் 5ம் 7ம் மின்மாற்றிக்குள்ளேயே அடிபட்டுப்போகும். எதிர்ச் சீரிசையை உண்டாக்கிச் செலுத்தும் ஆக்டிவ் ஃபில்டர்கள் விலை கூடியவை. ஆனால் சுமை மாறிக்கொண்டே இருக்கும் இடங்களில் அவற்றுக்கு மாற்றில்லை.

இவற்றில் எது வேண்டும் என்பதை அளவீடுதான் சொல்ல வேண்டும், அளவீட்டில்தான் பலர் வழுக்குகிறார்கள். மலிவான கிளாம்ப் மீட்டர், அலை சைன் வடிவில் இருப்பதாக எண்ணிக்கொண்டு சராசரியைப் பெருக்கிக் காட்டும். டிரைவின் குத்துக்குத்தான மின்னோட்டத்தை அது குறைத்தே சொல்லும். ‘ட்ரூ ஆர்.எம்.எஸ்.’ என்று எழுதிய மீட்டர் மொத்தத்தைச் சரியாகச் சொல்லும். ஆனால் எந்தச் சீரிசை எவ்வளவு என்று சொல்லாது. அதற்குப் பகுப்பாய்வுக் கருவி வேண்டும். சர்வதேசத் தரத்தின்படி அது பத்துச் சுழற்சிகளை, அதாவது 200 மில்லி வினாடியை, ஒரு கட்டாக எடுத்துப் பகுக்கிறது. அதனால் 5 ஹெர்ட்ஸ் இடைவெளியில் அதிர்வெண்களைப் பிரித்துக் காட்ட முடிகிறது. ஆனால் கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், முழுச் சுமையில் ஒருமுறை அளந்து எழுதிய அறிக்கை ஒத்ததிர்வைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கெப்பாசிட்டர் முழுதையும் வெளியே எடுத்து ஒருமுறை, பிறகு ஒவ்வொரு படியாக உள்ளே விட்டு ஒவ்வொரு முறை, ஐந்தாவதும் ஏழாவதும் எவ்வளவு என்று குறித்துக்கொண்டே வர வேண்டும். கெப்பாசிட்டரை ஏற்றும்போது ஒரு சீரிசையின் மின்னழுத்தம் மட்டும் தாவி ஏறினால், வேறு சாட்சி தேவையில்லை. பூப்பினின் சோதனையை இந்த முறை தெரிந்தே செய்கிறோம்.

எல்லைகளும் உண்டு. ஆலை லைனோடு சேரும் இணைப்புப் புள்ளியில், சீரிசைகளால் அலைவடிவம் கெடும் அளவான மின்னழுத்தச் சிதைவு மொத்தம் 5 சதவீதத்துக்கும், தனிச் சீரிசை 3 சதவீதத்துக்கும், மின்னோட்டச் சிதைவு 8 சதவீதத்துக்கும் மேல் போகக் கூடாது என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2007ஆம் ஆண்டு விதிமுறைகள் வகுத்தன. தமிழ்நாட்டில் இந்த வரம்பை மீறும் உயரழுத்த நுகர்வோரிடம் கட்டணத்தில் 15 சதவீதம் ஈடாகக் கேட்க மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இடம் தந்திருக்கிறது. திறன் காரணிக்கான தண்டத்துக்குப் பயந்து போட்ட கெப்பாசிட்டரே, இடம் பார்த்துப் போடாததால், இன்னொரு தண்டத்துக்கு வழிவிட்ட ஆலைகளைப் பார்க்கும்போது சிரிப்பதா வருந்துவதா என்று தெரிவதில்லை.

இவ்வளவு கணக்கும் மின்வாரியத்தின் மின்சாரத்தில் ஓடும்போதுதான் பொருந்தும். மின்சாரம் போய் டீசல் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும்போது சுருளே மாறிவிடுகிறது. 1000 கே.வி.ஏ. ஜெனரேட்டரின் உள்மறுப்பு 15 சதவீதம் என்றால், குறுக்கிணைப்புத் திறன் 20,000லிருந்து 6,667 கே.வி.ஏ.வாகச் சரியும். மின்வாரியத்தில் 8.9ல், யாருக்கும் தொல்லையில்லாமல் நின்றிருந்த அதே ஐந்தாம் படி, அதே 250 கே.வி.ஏ.ஆர்., இப்போது 5.2ல் போய் நிற்கிறது. டிரைவ்கள் தாராளமாகத் தருவதும் ஐந்தாம் சீரிசையைத்தான். ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும் விளக்குகள் நடுங்குவதும், மின்னழுத்தச் சீராக்கி தடுமாறுவதும், டிரைவ்கள் காரணமில்லாமல் டிரிப் ஆவதும் பல ஆலைகளில் டீசலின் தரத்தின்மீதும் என்ஜினின்மீதும் பழியாக விழுகின்றன. ஜெனரேட்டருக்கு மாறியதும் ரியாக்டர் இல்லாத பேங்கை முழுதாக வெளியே எடுத்துவிடும் ஓர் இடைப்பூட்டு, இரண்டு கம்பியில் முடிகிற வேலை.

எனவே கெப்பாசிட்டர் செத்த அன்று மின் அறைப் பதிவேட்டில் ‘படி 5, ஃபியூஸ் போச்சு, மாற்றியாச்சு’ என்று எழுதுவது போதாது. மணி என்ன, அப்போது எத்தனை படிகள் உள்ளே இருந்தன, எந்தெந்த டிரைவ்கள் ஓடின, ஓடியது மின்வாரியமா ஜெனரேட்டரா என்ற நான்கையும் அதே வரியில் எழுதி வைத்தால், மூன்றாவது தடவை ஃபியூஸ் போகும்போது ஒத்ததிர்வு எந்தச் சீரிசையில் நின்றது என்பதை ஒரு வர்க்கமூலத்தில் கண்டுபிடித்துவிடலாம்.